மானுடவியல் மாணவருக்கு உதவித்தொகையும் நினைவுப் பரிசுகளும்: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

மானுடவியல் படிப்பின் பெரிய செலவு வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. வேதியியல் மாணவருக்கு ஆய்வகத்தைப் பல்கலைக்கழகமே கட்டித் தருகிறது. நம்முடைய ஆய்வகம் கோத்தகிரிப் பக்கத்து இருளர் குடியிருப்பாகவோ, நாகப்பட்டினத்து மீனவர் தெருவாகவோ, திருப்பூர்ப் பனியன் கம்பெனி வாசலாகவோ இருக்கும். அங்கே மாதக்கணக்கில் தங்க வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம், ஒலிப்பதிவுக் கருவி, உடன் வந்து வழிகாட்டும் உள்ளூர் இளைஞருக்கான கூலி என்று கைப்பணம் கரைந்துகொண்டே இருக்கும். அரசுகளும் பல்கலைக்கழகங்களும் தரும் கல்வி உதவித்தொகைகளில் பெரும்பாலானவையோ கல்விக் கட்டணத்தையும் விடுதியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்த இடைவெளியில் சிக்கி, நல்ல ஆய்வுக் கேள்வியைக் கையில் வைத்திருந்தும் களத்துக்குப் போகாமலேயே ஆய்வை முடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குப் பணம் கிடைத்திருக்கும். எங்கே கேட்பது என்று சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

சென்னைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இளநிலையோ முதுநிலையோ படித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும், முனைவர் பட்ட ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தொகைகளும் விதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. நான் சொல்வதைத் தேடலுக்கான தொடக்கமாக எடுத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முழுவதும் படித்த பிறகே படிவத்தைத் திறங்கள்.

முதல் வேலை: எந்தச் செலவுக்குக் கேட்கிறீர்கள்?

ஒரு தாளில் உங்கள் செலவை நான்காகப் பிரித்து எழுதுங்கள். கல்விக் கட்டணம் ஒன்று. படிக்கும் காலத்தில் உயிர்வாழ்வதற்கான மாதப் பணம் இரண்டு. களப்பணிச் செலவு மூன்று. களத்திலிருந்து திரும்பி உட்கார்ந்து எழுதும் கடைசிக் காலத்துச் செலவு நான்கு. இந்த நான்காவதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. உதவித்தொகை முடிந்துபோய், ஆய்வேடு பாதியில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

ஒவ்வொரு நிதியும் இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோதான் தரும். களப்பணிக்கு மட்டும் பணம் தரும் நிறுவனத்திடம் கல்விக் கட்டணம் கேட்டால், எவ்வளவு நல்ல ஆய்வாக இருந்தாலும் விண்ணப்பம் நிற்காது. பரிசுகளும் பதக்கங்களும் இந்த நான்கிலும் சேராதவை. அவற்றில் பணம் சிறிது, பெயர் பெரிது. அவற்றுக்குத் தனியாக வருகிறேன்.

சான்றிதழ்கள்: அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்

சொல்லச் சலிப்பான வேலை இது. ஆனால் பெரும்பாலான விண்ணப்பங்கள் சாய்வது இங்கேதான்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருகிறது. ஆதாரில் அது பின்னால் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப்பெயராகியிருக்கும். பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்து குறைந்திருக்கும். எனக்கு முதுநிலை முடித்த ஆண்டில் கிடைத்திருக்க வேண்டிய ஓர் உதவித்தொகை, மதிப்பெண் பட்டியலிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் வேறுவேறாக இருந்ததால் கைநழுவியது. திருத்தம் வாங்கி முடிப்பதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. ஆகவே, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு ஆகிய நான்கையும் இன்றே எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் படிப்பின் முதல் ஆண்டிலேயே சரிசெய்துவிடுங்கள். மத்திய, மாநில அரசுப் பணம் ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது சமூகச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தரும் சான்றிதழ் மாநிலத் திட்டங்களுக்கானது. மத்திய அரசுத் திட்டங்களுக்கும், கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வுக்கும், வசதிபடைத்த பிரிவில் இல்லை என்று குறிப்பிடும் தனி ஓபிசி சான்றிதழ் வேண்டும். அது வேறு படிவம், வேறு விண்ணப்பம். இரண்டும் ஒன்றே என்று நம்பி, கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். வருமானச் சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பின் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில் பல குடும்பங்களுக்கு நீண்ட தாமதம் இருக்கிறது. அப்படிப்பட்ட மாணவர் பள்ளிக் காலத்திலிருந்தே அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருப்பது கொடுமையானது. ஆயினும் அந்தத் தாள் இல்லாமல் கதவு திறக்காது.

உள்நாட்டில்: மாதப் பணம் எங்கிருந்து வரும்

முதுநிலையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தேசிய உதவித்தொகை இணையதளம். பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை அங்கேதான் வருகிறது. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதங்கள். தேர்வு இளநிலை மதிப்பெண்ணின் அடிப்படையில். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் உதவித்தொகைகளை உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்திலேயே கேட்டுப் பெறலாம்.

முனைவர் பட்டத்துக்கு முதன்மையான வழி ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரு பருவமாக நடக்கும் நெட் தேர்வில் மானுடவியலுக்குத் தனித் தாள் உண்டு; பாட எண் 07. முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. உதவித்தொகைக்கு 30 வயது வரம்பு. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். 2023 முதல் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. சென்னையில் அறை எடுத்துத் தங்கி, ஊரில் களப்பணியும் செய்ய இந்தத் தொகை போதும். வேறு எந்த உள்நாட்டுத் திட்டமும் இந்த அளவுக்கு நிம்மதி தருவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வில் இரண்டு தடைகள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழில் சிந்தித்துப் பழகியவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் மனத்தில் ஏற்றிக்கொள்ள ஆறு மாதமாவது ஒதுக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பாடத்திட்டம் உறவுமுறை, சடங்கு, சாதி என்ற சமூகப் பகுதியோடு நிற்பதில்லை. மனிதப் பரிணாமம், மரபியல், கற்காலக் கருவிகள் எல்லாம் வரும். சமூகவியல் பின்னணியில் இருந்து வந்தவர்கள் அந்தப் பகுதிகளைத் தள்ளிப்போட்டுத் தோற்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்காலக் கற்கோடரியைப் பற்றி நாலு வரி எழுதத் தெரியாமல் மானுடவியலில் முனைவர் பட்டம் பெறுவது சரியில்லை என்பது என் கருத்து. தேர்வுக்காகவாவது அதைப் படித்துவிடுங்கள். நாட்டார் வழக்காற்றியல் பக்கம் மனம் போகிறவர்கள் பாட எண் 71இல் உள்ள நாட்டார் இலக்கியத் தாளையும் பார்க்கலாம்.

நெட் கிடைக்காவிட்டால் வழி மூடிவிடவில்லை. பழங்குடி மாணவருக்கு மத்தியப் பழங்குடியினர் அமைச்சகம் ஆண்டுக்கு 750 தேசிய உதவித்தொகைகள் தருகிறது. முனைவர் பட்டப் பதிவும் முதுநிலை மதிப்பெண்ணும் அதற்கு அடிப்படை. தொகை ஜே.ஆர்.எஃப். அளவிலேயே இருக்கும். பட்டியல் சாதியினருக்கும் ஓபிசி பிரிவினருக்கும் இதேபோன்ற தேசிய உதவித்தொகைகள் உண்டு, ஆனால் அவை நெட் தேர்வோடு பிணைந்தவை. தமிழ்நாடு அரசு, முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. அரசுக் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு செய்வோருக்கு முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. அதற்குத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 20,000 ரூபாய். அதைத் தனியாகச் சொல்லக் காரணம், அங்கே தேர்வு கிடையாது. உங்கள் ஆய்வு முன்மொழிவைப் படித்துத்தான் முடிவு செய்கிறார்கள். கொள்குறி வினாக்களில் தடுமாறினாலும் நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பொருத்தமான இடம். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை உதவித்தொகை 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு. மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். தொகை சிறியது. ஆனால் கூத்து, கைவினை, வாய்மொழி மரபு என்று பண்பாட்டை ஒட்டிய ஆய்வை எங்கும் பதிவு செய்யாமல் தனியாகச் செய்கிறவர்களுக்கும் அது கிடைக்கும். ஒன்றை மறக்கக்கூடாது: மாதப் பணம் தரும் இரண்டு உதவித்தொகைகளை ஒரே நேரத்தில் வாங்க முடியாது. வாங்கிவிட்டுப் பின்னால் தெரியவந்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் படிக்க விரும்புவோருக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செவனிங், காமன்வெல்த், ஃபுல்பிரைட் போன்ற பெரிய உதவித்தொகைகளைப் பற்றித் தமிழிலேயே ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. மானுடவியல் மாணவர் தவறவிடக்கூடியவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டன் சோயாஸ் (ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரி) ஆகிய மூன்று இடங்களில் ஃபெலிக்ஸ் உதவித்தொகை உண்டு. இந்தியாவில் முதல் வகுப்பில் பட்டம் பெற்ற, வெளிநாட்டுப் பட்டம் இல்லாத, வசதி குறைந்த மாணவருக்கானது. தெற்காசிய மானுடவியலுக்கு சோயாஸ் நல்ல இடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைத் திட்டத்தின் கீழ் கோரியோமுண்டஸ் என்ற முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நடனத்தை மானுடவியல் கண்ணோடு படிக்கும் படிப்பு. பரதம் கற்றவர்களும் தெருக்கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் இதைப் பற்றிக் கேள்விப்படுவதே இல்லை. எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பலர் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அங்கே உதவித்தொகை அறிவிப்பைத் தேடாமல் வேலைவாய்ப்பு அறிவிப்பைத் தேட வேண்டும். இந்தியாவில் முனைவர் பட்டப் பதிவு செய்துவிட்டவர்கள் ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு உதவித்தொகையில் சில மாதங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து வரலாம். அதற்கான அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது.

இனி ஓர் எச்சரிக்கை. பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். 2022இல் அதன் விதிகளில் ஒரு மாற்றம் வந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவை ஆய்வுப்பொருளாகக் கொண்ட சமூக ஆய்வுகள் ஆகியவற்றுக்கு அந்த உதவித்தொகை இல்லை. தன் மக்களைப் பற்றி உலகின் சிறந்த பல்கலைக்கழகத்தில் ஆராய விரும்பும் தலித் மாணவரின் வழியை இது நேராக அடைக்கிறது. இதை அநியாயம் என்றே நான் கருதுகிறேன். இந்த விதி தெரியாமல் ஓராண்டு உழைப்பைக் கொட்டிவிடாதீர்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதை முதலில் பாருங்கள்.

களப்பணிக்குப் பணம்

இதுதான் நம் துறைக்கே உரிய பகுதி. நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது.

உலக அளவில் மானுடவியலுக்கென்றே இருக்கும் பெரிய நிதி நியூயார்க்கில் உள்ள வென்னர்-கிரென் அறக்கட்டளை. 1941இல் வைக்கிங் நிதி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தொடங்கியவரான ஸ்வீடன் தொழிலதிபரின் பெயரைப் பின்னர் பெற்றது. முனைவர் பட்டக் களப்பணிக்கு 25,000 டாலர் வரை தருகிறது. நாடு எது, பல்கலைக்கழகம் எது என்ற தடை இல்லை. முனைவர் பட்டப் பதிவு இருந்தால் போதும். மே 1, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு கடைசி நாள்கள் பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கின்றன. சென்னையிலும் புதுவையிலும் ஆய்வு செய்கிறவர்கள் இதற்கு விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள். அமெரிக்க மாணவருக்கானது என்ற எண்ணம். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பாரிசில், பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் பெயரில் சமூக மானுடவியல் ஆய்வுக்கான நிதி ஒன்று இருக்கிறது. துய்மோன் யார் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். 1949, 1950ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி அவர் செய்த களப்பணிதான் இந்தியாவைப் பற்றிய அவருடைய முதல் பெரிய நூலானது. இந்தியச் சாதி பற்றிய அவருடைய கோட்பாட்டை ஏற்கலாம், மறுக்கலாம். அவருக்கு உணவும் பேச்சும் தந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

முன்மொழிவு எழுதுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பணம் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, ஒரு மக்கள் பிரிவின் பெயரைத் தலைப்பாக வைத்து அதோடு நிறுத்திவிடுவது. 'இருளர்களின் வாழ்க்கை முறை' என்பது கேள்வி ஆகாது. அது பழைய மாவட்டக் கையேட்டு அத்தியாயத்தின் தலைப்பு. நிதி தருகிறவர் தேடுவது ஒரு புதிரை. எடுத்துக்காட்டாக, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்த பிறகு, 1978இல் தொடங்கியது. தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் விஷம் எடுப்பதற்காகப் பிடித்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. இங்கே புதிர் என்ன? தந்தையோடு வயலில் நடந்து, வளையைப் பார்த்து, மண்ணில் உள்ள தடத்தைப் படித்துக் கற்ற அறிவு, உரிமமும் பிடிக்கும் அளவுக்கு வரம்பும் வந்த பிறகு அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கைமாறுகிறது? பெண்களுக்கு அதில் பங்கு என்ன ஆனது? இப்படிக் கேட்டால், இருளரைப் பற்றி ஒன்றும் அறியாத, பெரு நாட்டில் களப்பணி செய்த ஒரு மதிப்பீட்டாளருக்கும் ஆர்வம் பிறக்கும். அரசு விதி வந்த பிறகு கைப்பழக்க அறிவுக்கு என்ன நேர்கிறது என்பது அவருடைய ஊரிலும் உள்ள கேள்வி.

கேள்வி உருவான பிறகு, அன்றாடம் என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள். 'பங்கேற்று உற்றுநோக்கல் முறையைப் பயன்படுத்துவேன்' என்ற ஒற்றை வரியால் எதுவும் தெரியாது. காலையில் யாரோடு கிளம்புவீர்கள், எத்தனை குடும்பங்களோடு பேசுவீர்கள், சங்கத்தின் எந்தப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்பீர்கள், எந்த மாதங்களில் என்ன வேலை நடக்கும், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் ஊகம் தவறாக இருந்தால் அதை எந்தச் சான்று காட்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி மதிப்பீட்டாளரின் நம்பிக்கையைப் பெறும்.

மொழியை மறைக்காதீர்கள். நாம் ஆங்கிலம் சரளமாக இல்லை என்ற கூச்சத்திலேயே தமிழ் நமக்குத் தரும் பலத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். வெளிநாட்டு மாணவர் மதுரையில் தமிழ் படித்துவிட்டுத்தான் களத்துக்கு வருகிறார். உங்களுக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து. அதே நேரத்தில், நீலகிரிப் பழங்குடிகளான தோடரோடும் கோத்தரோடும் பேசத் தமிழ் போதாது என்பதை ஒப்புக்கொண்டு, அவர்கள் மொழியை எப்படிக் கற்பீர்கள் என்று எழுதுங்கள். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் தமிழில் உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் கடினமான சொற்கள் அதை மூடிவிடும்.

நிதி கிடைக்க வேண்டும் என்பதற்காக மக்களின் துயரத்தைப் பெருக்கிக் காட்டாதீர்கள். 'அழிந்துவரும்', 'வெளியுலகமே அறியாத' என்ற அடைமொழிகளோடு வரும் முன்மொழிவுகளைப் படித்தால் எனக்கு மனம் வலிக்கிறது. அந்தக் குடியிருப்பில் செல்பேசியும் ரேஷன் அட்டையும் கல்லூரிக்குப் போகும் பெண்ணும் இருப்பார்கள். நாளை அந்தப் பெண்ணே உங்கள் முன்மொழிவைப் படிக்கக்கூடும்.

அனுமதிகளுக்கான காலத்தையும் கணக்கில் சேருங்கள். முதுமலை போன்ற புலிகள் காப்பகப் பகுதிகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும் மாதங்கள் ஆகலாம். உதகமண்டலத்தில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தையும், மைசூரில் உள்ள இந்திய மானுடவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்தையும் முன்னதாகவே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும்; அதை அறிந்து எழுதிய முன்மொழிவு தனியாகத் தெரியும்.

முதல்முறை மறுக்கப்பட்டால் மனம் உடையாதீர்கள். வென்னர்-கிரென் உட்படப் பல இடங்களில் திருத்தி மறுபடி அனுப்பலாம். மதிப்பீட்டாளர் சொன்ன குறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்றினீர்கள் என்று பதில் சொல்லுங்கள். இரண்டாம் முயற்சியில் வென்றவர்கள் நிறையப் பேர்.

நினைவுப் பரிசுகள்

மறைந்த ஆய்வாளர் ஒருவரின் குடும்பமோ மாணவர்களோ நண்பர்களோ பணம் சேர்த்து, அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு மாணவருக்குத் தருவது நினைவுப் பரிசு. விண்ணப்பிப்பதற்கு முன், அந்த மனிதர் யார், எதைப் பற்றி அக்கறைப்பட்டார் என்று படியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. அவருடைய அக்கறைதான் பரிசின் எழுதப்படாத விதி.

டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர், 1901, 1902இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே சில மாதங்கள் பணிசெய்தார். அவர்களுடைய எருமைப்பால் கோயில்கள், வம்சாவளிகள், திருமண முறை பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1906இல் வெளிவந்தது. வம்சாவளியைக் கேட்டுப் பதிவு செய்யும் முறையை இன்று உலகெங்கும் மாணவர்கள் கற்கிறார்கள். தோடர் பெரியவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த தலைமுறைப் பெயர்களும் அதன் அடித்தளத்தில் இருக்கின்றன. முதல் உலகப்போரில் மனம் கலங்கிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்தார், 1922இல் இறந்தார்.

அவர் பெயரில் இரண்டு விருதுகள் உண்டு. புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். லண்டனில் உள்ள அரச மானுடவியல் கழகம் 1923இல் நிறுவிய ரிவர்ஸ் நினைவுப் பதக்கம், பல ஆண்டுக் களப்பணியால் பெயர் பெற்ற ஆய்வாளருக்கானது. இந்தியச் சமூக மானுடவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1955இல் அதைப் பெற்றார். மாணவர் அதற்கு விண்ணப்பிப்பதில்லை. அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் மருத்துவ மானுடவியல் பிரிவு தரும் ரிவர்ஸ் பரிசோ இளநிலை மாணவரின் கட்டுரைக்கு. முதுநிலை, முனைவர் பட்ட மாணவரின் கட்டுரைக்கு அதே பிரிவு சார்லஸ் ஹியூஸ் பெயரில் பரிசு தருகிறது. நோய், மருந்து, மருத்துவமனை, பிரசவம், நாட்டு வைத்தியம் என்று எழுதியிருக்கும் ஒரு பருவக் கட்டுரையை நன்றாகத் திருத்தி அனுப்ப முடியும். பேரைப் பார்த்ததும் மலைத்துவிடாமல், யாருக்கான விருது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அரச மானுடவியல் கழகத்தின் ஹக்ஸ்லி நினைவுப் பதக்கமும் மூத்தவர்களுக்கானதுதான். அதைச் சீனிவாஸ் 1976இல் பெற்றார், இலங்கையில் பிறந்த தமிழரான மானுடவியலாளர் ஸ்டான்லி தம்பையாவும் பெற்றிருக்கிறார்.

சீனிவாஸ் பெயரிலேயே இந்தியச் சமூகவியல் சங்கம் இளம் ஆய்வாளர் கட்டுரைக்கு நினைவுப் பரிசு வைத்திருக்கிறது. முனைவர் பட்டத்தின் நடுவில் ஒரு கட்டுரையை நல்ல இதழில் வெளியிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுதி முடிக்கும் கடைசிக் காலத்துக்கு, அதாவது நான் சொன்ன நான்காவது செலவுக்கு, அரச மானுடவியல் கழகத்தில் ராட்கிளிஃப்-பிரவுன் பெயரில் ஒரு நிதி இருக்கிறது. அந்தமானில் களப்பணி செய்து தொழிலைத் தொடங்கியவர் அவர். உதவித்தொகை தீர்ந்து, ஆய்வேடு முடிவதற்குச் சில மாதங்களே இருக்கும்போது கைகொடுக்க ஏற்படுத்தியது இந்த நிதி. யார் விண்ணப்பிக்கலாம் என்ற விதியை அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக அருகில் இருப்பதைச் சொல்ல மறந்துவிடக்கூடாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா அழைப்பிதழின் பின்பக்கங்களில், ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நிறுவிய அறக்கட்டளைப் பரிசுகளும் பதக்கங்களும் பட்டியலாக இருக்கும். சில பரிசுகள், தகுதியான விண்ணப்பமே வராமல் ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்படாமல் கிடக்கும். பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தொகை ஐயாயிரமோ பத்தாயிரமோதான் இருக்கலாம். ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்தில் 'பரிசுகள்' என்ற கட்டம் வெறுமையாக இல்லாமல் அது பார்த்துக்கொள்ளும்.

பரிந்துரைக் கடிதமும் காலமும்

பரிந்துரைக் கடிதத்தை ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த நிதி, அது எதைத் தேடுகிறது, உங்கள் ஆய்வுக் கேள்வி, அந்தப் பேராசிரியரிடம் நீங்கள் படித்த பாடம், அவருக்காக எழுதிய கட்டுரை. 'ஒழுக்கமும் உழைப்பும் உள்ள மாணவர்' என்று நான்கு வரியில் வரும் கடிதத்தால் பயனில்லை. அதைப் பேராசிரியரின் குற்றமாக நினைக்காதீர்கள், அவருக்கு எழுத நீங்கள் தகவல் கொடுக்க வேண்டும். ஊரில் உங்களோடு வேலை செய்த தொண்டு நிறுவனத்துப் பொறுப்பாளரின் கடிதம், பெரிய பதவியில் இருக்கும் அறிமுகமில்லாதவரின் கடிதத்தைவிட வலுவானது.

காலத்தைப் பொறுத்தவரை, முதுநிலை முதல் ஆண்டின் ஜூனிலிருந்து கணக்கு வையுங்கள். ஆகஸ்டில் செவனிங் திறக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை எராஸ்மஸ் முண்டஸ், பிரிட்டன் பல்கலைக்கழகங்கள். டிசம்பரிலும் ஜூனிலும் நெட். ஜூலை வாக்கில் ஃபுல்பிரைட்-நேரு. ஒரே ஆண்டில் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க முயன்றால் ஒன்றும் சரியாக வராது. மூன்றைத் தேர்ந்தெடுத்து முழு மனத்தோடு எழுதுங்கள். நெட் போன்ற தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டு, அது நியாயமானது. ஆனால் 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், தொகையை விடுவிக்க முன்பணம் கட்டுங்கள்' என்று வரும் மின்னஞ்சல் மோசடி, பதிலே அனுப்பாதீர்கள்.

பணம் வந்த பிறகு

முதல் தவணை வந்த நாளிலிருந்து ரசீதுகளைச் சேருங்கள். கிராமத்தில் பெட்டிக்கடையும் ஷேர் ஆட்டோவும் ரசீது தராது. தேதி, இடம், தொகை எழுதி ஒரு குறிப்பேட்டில் அன்றன்றே பதிந்துவிடுங்கள். இடைக்கால அறிக்கையைத் தாமதித்தால் அடுத்த தவணை நின்றுவிடும். இதனால் பாதியில் ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு செலவை நிதித் திட்டத்தில் தொடக்கத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். ஆய்வு முடிந்ததும் அதன் சுருக்கத்தைத் தமிழில் இருபது முப்பது பக்கம் எழுதி அச்சிட்டு, பேச்சுக் கொடுத்த குடும்பங்களுக்கும் ஊர்ப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் கொடுப்பதற்கான அச்சுச் செலவும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பஸ் கட்டணமும். நான் பார்த்தவரை எந்த நிதி நிறுவனமும் அந்த வரியை வெட்டியதில்லை.